காலுறையில் ஏறிய எறும்பு

அத்தானுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையில் இருந்தது. அதைப் போலீஸ்காரர்கள் மட்டும்தான் படித்தார்கள். ஊருக்கு அவர் "நிதானம்". எதைக் கேட்டாலும் "நிதானமாப் பார்க்கலாம்" என்பார். மூட்டை ஏற்றுகிறவர்கள் அவசரப்படுத்தினாலும் அதேதான். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனில் கையை வைத்துக்கொண்டே வந்தாலும் அதேதான். "முன்னாடி நிதானம் போகுது, இனி கீழே இறங்கினாப்பலதான்" என்று பஸ்ஸுக்குள் பேசிக்கொள்வார்கள்.

எங்களுக்கு அவர் வெளியாள் இல்லை. எங்கள் அப்பாவின் பெரியம்மா மகள் எங்களுக்கு அத்தை முறை. அந்த அத்தைக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் படிக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டார். அடுத்த இரண்டும் பெண்கள். கடைசிதான் இவர். ஆகவே என் அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவர் எனக்கு அத்தான்தான். தகப்பனார் சீக்கிரம் போய்விட்டதால் தாய்மாமன் லாரியில் க்ளீனராகச் சேர்ந்தார். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, கண்ணாடி துடைப்பது, வளைவில் இறங்கி நின்று கை காட்டுவது என்று பல வருஷம் போயிற்று. தாய்மாமனுக்கு முதுகு போனபோது லாரி இவர் கைக்கு வந்தது.

எங்கள் அம்மா பெண் கொடுக்கும் முன் கேட்டாள், "மாப்பிள்ளைக்கு என்ன இருக்கு?"

"ஒரு லாரி இருக்கு" என்றார்கள்.

"அது எத்தனை நாளைக்கு ஓடும்?"

"பொண்ணு இருக்கற வரைக்கும் ஓடும்" என்று அத்தையே சொல்லிச் சிரித்தாளாம்.

கல்யாணமான புதிதில் அக்கா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இவர் லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். காலை மட்டும்தான் பார்க்கலாம். ஒரு நாள் அக்கா வாசலில் வந்து நின்று சொன்னாள், "ஏங்க, மூத்தாளுக்கு ஊட்டி முடிச்சாச்சுன்னா இளையாள் பக்கமும் கொஞ்சம் வாங்க." அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அன்றிலிருந்து லாரிக்கு "மூத்தாள்" என்று பெயர். அக்காவே கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். "மூத்தாளுக்கு டயர் வாங்கியாச்சு, எனக்குச் செருப்பு வாங்க மனசு வரல" என்பாள். "அவ உன்னை விட மூத்தவ, மரியாதையாப் பேசு" என்பார் அத்தான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அதனால் இதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது.

எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது. பனிக்காலத்தில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு பிடிக்கும். ஆஸ்பத்திரி கீழே டவுனில். நடுவில் வளைந்து வளைந்து இறங்குகிற சாலை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி எங்கள் அம்மா வழியில் வந்தது. அம்மாவுக்கு இருந்தது, அம்மாவின் தங்கைகள் இரண்டு பேருக்கும் இருந்தது. எனக்கு மட்டும் எப்படியோ வழி தவறிவிட்டது. அக்காவுக்கு அது முதலில் பாதத்தின் உணர்ச்சியை எடுத்தது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. பிறகு சிறுநீரகத்துக்குப் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் கீழே போய் மெஷினோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். போகாமல் விட்டால் அதிக நாள் தாங்காது. டாக்டர் அதை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் அத்தான் வேறு லோடு எடுக்க மாட்டார். மெஷினிலிருந்து இறங்கும்போது அக்காவுக்கு உடம்பெல்லாம் குளிர் எடுக்கும், பல் தந்தியடிக்கும். லாரியில் ஹீட்டர் இருந்ததுதான் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். அதன்மேல் ஒரு விசிறி ஊதும். அக்காவின் காலடியில் சூடான காற்று வரும். அதோடு விடாமல் அத்தான் இன்னொன்றும் செய்தார். வீட்டில் இருந்த கனத்த கம்பளியை நாலாக மடித்து, ஓரத்தைக் கோணி ஊசியால் தைத்து, அக்கா உட்காருகிற பக்கம் ரப்பர் மேட்டுக்கு அடியில் போட்டார். தகரத் தரையின் சில்லிப்பு அவள் காலில் ஏறக் கூடாது என்று.

"எனக்குத்தான் கால்ல ஒண்ணும் தெரியலையே" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியுதே" என்றார்.

ஒரு குளிர்காலம் வருவதற்கு முன்னால் இஞ்சினின் பெரிய ரேடியேட்டர் ஓரத்தில் கொஞ்சம் கசிவு இருந்தது. சம்பந்தி பட்டறைக்குப் போயிருக்கலாம். அக்காவின் மகளைக் கொடுத்த இடம் அது. மாப்பிள்ளையின் தகப்பனார்தான் அந்த மலைப்பாதையில் பேர்போன மெக்கானிக். ஆனால் அவர் சம்பந்தியிடம் கூலி வாங்க மாட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஓசியில் வேலை வாங்கினான் என்ற பேச்சு நாளைக்கு மகள் காதில் விழக் கூடாது என்று அத்தான் அந்தப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தவே மாட்டார். ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே டவுனில் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த ஒரு பவுடரை வாங்கி ரேடியேட்டரில் கொட்டினார். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தானாக அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தது. கசிவு நின்றது. "பார்த்தியா, ரெண்டு நிமிஷ வேலை" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்.

பிறகு ஹீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு குறைந்தது. வண்டிக்கு வயசாகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் தண்ணீர் மட்டும் மறுபடியும் குறைய ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தரை காய்ந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் ஒரு சாண் கீழே நிற்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் பனியில் உறைந்துவிடும் என்று பச்சை நிறக் கூலன்ட்டைக் கேனிலிருந்து ஊற்றுவார். "குடிக்கிறா, ஆனா எங்க போகுதுன்னே தெரியல" என்று எங்களிடம் சொல்வார்.

அக்கா ஒரு நாள் வந்து இறங்கியதும் சொன்னாள், "வண்டிக்குள்ள ஏதோ இனிப்பு வாசனை வருதுங்க."

அத்தான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அத்தனை வருஷம் டீசல் புகையில் கிடந்த மூக்கு அது. அடுப்பில் பால் தீய்ந்தாலே அவருக்குத் தெரியாது. "ஒண்ணும் வரலையே" என்றார்.

அவள் ஆஸ்பத்திரியில் கேட்டாள். நர்ஸம்மா நல்ல மாதிரி. "சர்க்கரை ரொம்ப ஏறினா சில பேருக்கு மூச்சுலயே பழ வாசனை மாதிரி வரும்மா, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்றார். டெஸ்டில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். வாசனை தன்னிடமிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாதங்களில் அவள் ரொம்ப மோசமானாள். கீழே போய்ச் சேருவதற்குள் தலைவலி, குமட்டல், தொண்டையில் அறுத்துக்கொண்டே ஒரு இருமல். திரும்பி வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. வியாதி முற்றுகிறது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். முன்கண்ணாடி வேறு உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கும். அத்தான் துணியால் துடைத்தால் எண்ணெய் தடவினதுபோல இழுத்துக்கொண்டு வரும். பாதை தெரியாமல் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். அந்தக் குளிர்காற்றில் அக்கா சுருண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த நிலையில்தான் எறும்பு வந்தது.

ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. வாசலில் நின்ற லாரியின் டயரில் சாரை சாரையாக எறும்பு ஏறிப் படிக்கட்டு வழியாக அக்கா உட்காருகிற பக்கம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அத்தான் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, ஆனால் அவர் கேட்டது அறைந்த மாதிரி இருந்தது.

"திருட்டுத்தனமா மிட்டாய் திங்கறியா?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு?"

"நீதான். மூத்தாள் மடியில உக்காந்துக்கிட்டு. உன் காலடியில எறும்பு மொய்க்குது. நான் ஒரு பக்கம் உன்னைக் காப்பாத்த நாயா அலையறேன், நீ ஒரு பக்கம்..."

மறுத்துப் பேசுவாள், நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று. எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பழைய வாளி. அதற்குள்ளிருந்து ஒரு ஜோடிக் கறுப்புக் காலுறையை எடுத்துக் காட்டினாள். அடிப்பாகம் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. எறும்பு ஏறியிருந்தது.

"பாருடி. என் கால்ல இருந்து தண்ணி கசியுது. ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கறப்ப சாக்ஸ் நனைஞ்சிருக்கு. நர்ஸம்மா அப்பவே சொன்னாங்க, வீக்கம் அதிகமானா தோல் வழியா நீர் கசியும்னு. எனக்குச் சர்க்கரைத் தண்ணியாக் கசியுது. எறும்பு என்னைத் தேடி வருது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா என்ன சொல்வாங்க? சித்திக்கு என்ன சொன்னாங்க? முதல்ல விரல்னாங்க, அப்புறம் பாதம்னாங்க, அப்புறம் முழங்கால்னாங்க. நான் முழுசா வந்தேன், முழுசாவே போறேன். அவர்கிட்ட சொல்லாதே. சொன்னா நான் இன்னிக்கே நிறுத்திடுவேன்."

எங்கள் சித்தியின் கதையை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். காலுறையை அவளிடமிருந்து வாங்கி நானே வாளிக்குள் திரும்பப் போட்டேன்.

அன்று சாப்பிடும்போது அக்காவே ஆரம்பித்தாள். "இன்னும் ரெண்டு தடவை போறேன். அதோட போதுங்க."

அத்தான் கை தட்டிலேயே நின்றது. "எது போதும்?"

"மெஷினு. போறதும் வர்றதும். போய் வந்தா நல்லா ஆகணும். நான் போய் வந்துதான் சாகறேன்."

"நிதானமாப் பார்க்கலாம்."

"நிதானமாப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்கு இல்ல."

மிட்டாய் என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு பேசுகிறாள் என்று அத்தான் நினைத்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவள் தட்டில் தானே பரிமாறினார். அவள் சாப்பிட்டாள். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் அக்கா அப்படித்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இனிப் போக மாட்டேன் என்றாள், அப்பா அடித்தும் போகவில்லை.

மறுநாள் அத்தான் பலகை ஏற்றிக்கொண்டு தனியாகக் கீழே போனார். அதன் பிறகு நடந்ததை அத்தானும் சொல்லியிருக்கிறார், சம்பந்தியும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போகிற வழியில் சூடு காட்டுகிற முள் மேலே ஏறி நின்றுவிட்டது. முன்னாலிருந்து ஆவி பீறிட்டு வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், போயும் போயும் அது சம்பந்தி பட்டறை வாசல்.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "வாங்க சம்பந்தி. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு வெந்நீர் போட்டுக்கிட்டே வந்திருக்கீங்க போல."

"வழியில போனேன். நின்னுடுச்சு."

"அதானே. நின்னாத்தான் எங்க வீடு உங்க கண்ணுக்குத் தெரியும்."

ஆறின பிறகு மூடியைத் திறந்தார்கள். அரைவாசிக்கு மேல் தண்ணீர் இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று சம்பந்தி கேட்டார். அத்தான் சொன்னார். கீழே சொட்டு இல்லை, ரப்பர் குழாய்களில் வெடிப்பு இல்லை என்றும் சொன்னார். புகை வெள்ளையாக வருகிறதா என்று கேட்டார் சம்பந்தி. வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் மாதிரி இருக்கும். அது கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. தண்ணீர் இஞ்சினுக்குள் போகவில்லை.

தண்ணீரை நிரப்பி வண்டியை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் கை வைக்க முடியவில்லை. மற்றது சில்லென்று இருந்தது.

"சம்பந்தி, இப்படி வந்து தொடுங்க. உள்ளே போறது கொதிக்குது. திரும்பி வர்றது குளிர்ந்து கிடக்கு. நடுவுல அடைச்சிருக்கு. என்ன போட்டீங்க?"

அத்தான் சொன்னார், "பவுடர்."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பவுடர் எங்க சந்து கிடைச்சாலும் உக்காரும். பெரிய ரேடியேட்டர்ல ஓட்டையை அடைச்சுது. இந்தச் சின்ன ரேடியேட்டர்ல வழியையே அடைச்சுடுச்சு. குழாய் ஊசி கணக்கா மெல்லிசு. சரி, அடைப்பு தெரிஞ்சுது. தண்ணி எங்க போகுதுன்னு தெரியலையே."

ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். அதில் ஒரு முள் இருக்கும். எங்கும் ஒழுகாவிட்டால் முள் அப்படியே நிற்கும். இது மெதுவாக இறங்கியது. அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை.

"மாயமாப் போகாது. வெளியே வரலேன்னா உள்ளே போகுது. நீங்க அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க. நான் காத்து ஏத்தறேன். சத்தம் ஏதாவது கேக்குதான்னு சொல்லுங்க."

அத்தான் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். லாரி தன் கைக்கு வந்த பிறகு அவர் ஒரு நாள்கூட அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. பெருக்குவார், துடைப்பார், கம்பளி தைத்துப் போடுவார். உட்கார்ந்ததில்லை. ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா வைக்கிற இடத்தில் காலை வைத்தார். விசிறியைப் போட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கால் ஈரமாயிற்று. மேட்டை அழுத்தினால் அதன் ஓரத்தில் பச்சையாக நுரைத்துக்கொண்டு வந்தது. வாசனை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நாக்கில் ஒரு அசட்டு இனிப்பு ஏறியது. தொண்டை கரகரத்தது. இருமினார். நெற்றிப் பொட்டு இரண்டும் தெறித்தது. முன்னால் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது.

"தெரிஞ்சுடுச்சு, இறங்குங்க சம்பந்தி" என்றார் சம்பந்தி கீழே நின்று.

அத்தான் இறங்கவில்லை.

"இறங்குங்க. கூலன்ட் இனிக்கும், ஆனா விஷம். அந்த ஆவியை உள்ளே இழுக்கக் கூடாது."

"அவ இதுலதான் உக்காந்து வந்தா" என்றார் அத்தான். "ஜன்னலைத் திறந்தா குளிருதுன்னு மூடச் சொல்லுவா. மூடினா இதை இழுப்பா. நான் பக்கத்துலயே உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போனேன்."

சம்பந்திதான் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு மேட்டைத் தூக்கினார்கள். கம்பளி, நனைந்த ஆடு மாதிரி கனத்தது. பிழியப் பிழியப் பச்சைத் தண்ணீர்.

"யாரு இதை இங்க வச்சது?"

"நான்தான். கால் சில்லுனு இருக்கும்னு."

கம்பளி இல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரமே தரையில் தண்ணீர் நின்று கண்ணில் பட்டிருக்கும் என்பது சம்பந்திக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை எங்களிடம்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். அத்தானிடம் சொல்லவே இல்லை. சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

டேஷ்போர்டைக் கழற்றி அந்தச் சின்ன ரேடியேட்டரை எடுக்க ஒரு நாள் வேலை. அந்த லாரிக்குப் புதிது எங்கும் கிடைக்காது. அன்றைக்கு இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று வளைத்து இணைத்து, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சம்பந்தி திருப்பிவிட்டார். "இப்ப ஒழுகாது. ஆனா சூடும் வராது. சம்பந்தியம்மாவை நல்லாப் போர்த்திக் கூட்டிட்டு வாங்க. நான் பழைய வண்டி ஒண்ணுல இருந்து கழட்டித் தேத்தி வைக்கறேன். கூலி பத்தி ஏதாவது பேசினீங்கன்னா உங்க பேரனைக் கையில குடுத்துடுவேன், நீங்களே வச்சு மேய்ங்க."

அத்தான் ஈரக் கம்பளியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் வெயில் விழுகிற இடத்தில் விரித்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

"இது உன் காலடியில இருந்தது. ஹீட்டர் உடைஞ்சு மாசக்கணக்கா இதுல ஒழுகிட்டு இருந்திருக்கு. இனிப்பு வாசனை வருதுன்னு நீ சொன்னே. நான்தான் வரலேன்னேன். தலைவலி, இருமல் எல்லாம் இதோட ஆவி. நீ மிட்டாய் திங்கல."

அக்கா கம்பளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு எறும்பு வந்தது, பின்னாலேயே இன்னும் நாலு. கம்பளியின் ஓரத்தில் ஏறின. அவள் தன் காலைப் பார்த்தாள். வெறுங்காலோடு பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் அவள் பக்கம் வரவில்லை.

பின்கட்டுக்குப் போய்க் காலுறைகளை எடுத்துவந்து கம்பளிமேல் போட்டாள்.

"இது என்ன?" என்றார் அத்தான்.

"என் கால்தான் ஒழுகுதுன்னு நினைச்சேன். சித்திக்கு வெட்டின மாதிரி வெட்டிடுவாங்கன்னு சொல்லல."

அத்தான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்காகத்தான் நிறுத்துகிறேன் என்றாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த மூத்தாளுங்களே இப்படித்தான்" என்றாள். "வாயைத் திறந்து சொல்லாம ஆளை முடிச்சுடுவாளுங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை போனாள். இரண்டு போர்வை, மடியில் வெந்நீர்ப் பை. குளிரில் உதடு நீலம் பூத்துத் திரும்பினாள், ஆனால் இருமலும் குமட்டலும் இல்லாமல் திரும்பினாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து என்னோடு காய் நறுக்கினாள். நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் சம்பந்தி சொன்ன சொல்படி வேறொரு சின்ன ரேடியேட்டரைத் தேற்றிப் பொருத்தினார். பழையதை அறுத்துக் காட்டினாராம். குழாய் ஒவ்வொன்றிலும் பவுடர் கல்லாக இறுகி, அந்த அழுத்தத்தில் ஓரக் குழாய் ஒன்று விண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் அக்கா இருந்தாள். பேத்தி பிறந்து அதற்குப் பல் முளைக்கிறதைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை புறப்படும் முன்பும் அத்தான் அந்தப் பக்கத்து மேட்டைத் தூக்கித் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகுதான் அவளை ஏற்றுவார்.

மூன்றாவது குளிர்காலம் வருவதற்கு முன் அவள் மறுபடியும் படுத்தாள். ரத்தம் எடுக்கிற இடம் கையில் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது. மெஷினில் இருக்கும்போதே மயக்கம் போட்டாள். இருதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். ஒரு மத்தியானம் தலையணையில் சாய்ந்துகொண்டு அத்தானைக் கூப்பிட்டாள்.

"போதுங்க."

அத்தான் அவள் காலடிப் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப சொன்னது தெரியாமச் சொன்னது. இப்ப தெரிஞ்சு சொல்றேன். இது வண்டி இல்லீங்க. இது நான்தான்."

அவர் வழக்கமாகச் சொல்கிற சொல் அவர் வாயில் வரவில்லை. எழுந்து வெளியே போனார். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

நேராகச் சம்பந்தி பட்டறைக்குப் போயிருக்கிறார். ஹாரன் அடிக்காமல் வாசலில் நிறுத்தியிருக்கிறார். "எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று சம்பந்தி கேட்கவில்லை. மேட்டைத் தூக்கினார், இரண்டு குழாயையும் தொட்டார், பம்பைப் பொருத்திக் காற்றேற்றினார். இரண்டு பேரும் குனிந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மயிரிழை இறங்கினால் போதும் என்று அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சம்பந்தி சொன்னார். வண்டியில் ஒரு பழுது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்த ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தாராம். ரொம்ப நேரம் ஆயிற்று. முள் அசையவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல சம்பந்தி" என்றார், அத்தான் முகத்தைப் பார்க்காமல்.

அத்தான் தலையை ஆட்டினார். பட்டறைக்குப் பின்னால்தான் மகள் வீடு. உள்ளே போனார். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகள் எழுந்து நின்றாள்.

"துணியெல்லாம் எடுத்து வச்சுக்கோம்மா" என்றார். "குழந்தைகளையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. அம்மாவோட கொஞ்ச நாள் இருக்கற மாதிரி வா."